படுவான்கரைக்கு நிறம் கேட்டவர்

மருமகன் குகதாசன் இறந்த செய்தி காலை பத்து மணி தாண்டிச் சற்று நேரத்தில் வந்தது. அறுவடை இயந்திரத்தை வயலில் இறக்கிவிடுவதற்காக அவர் விடியற்காலையிலேயே வாவியைக் கடந்து தம் பிறந்த ஊரான மண்டூருக்குப் போயிருந்தார். பத்து மணிக்குத் திரும்பி வந்து ஒரு கடிதத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். ஆரையம்பதியில் எங்கள் வீட்டு மேசையைத் துடைத்து, கண்ணாடியையும் சிவப்புப் பேனையையும் எடுத்து வைத்துவிட்டு நான் காத்திருந்தேன். எனக்கு நேரம் தவறுகிறவர்களைப் பிடிக்காது. தொலைபேசி அடித்ததும் அவர்தான் என்று நினைத்து, "இன்னும் எங்க நிக்கிறீங்க?" என்று கடுமையாகவே கேட்டேன்.

"மாமி, நான் தம்பி கதைக்கிறன்" என்றது மறுமுனை. அவருடைய இளைய சகோதரன். "அண்ணன் வயல் வட்டைக்குள்ள நெஞ்சைப் பிடிச்சிட்டுக் குந்தினார். ஆசுபத்திரிக்குக் கொண்டு வந்தம். முடிஞ்சுபோச்சு மாமி. மச்சாளுக்கு நீங்கதான் சொல்லணும்."

மச்சாள் என்றது என் மகள் சுகந்தியை. அவள் பாடசாலையில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சொன்னேன். அந்த ஐந்து நிமிடத்தை இங்கே எழுத மாட்டேன்.

அவருக்கு நாற்பத்தேழு வயது. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காக இரண்டு பக்கம் எழுதித் தருமாறு கேட்டவர்கள், "அமைதியான நடையில் இருந்தால் நல்லது" என்றும் கேட்டிருந்தார்கள். அமைதி என்னிடம் இல்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதற்கு மரண அறிவித்தலே முதற் காரணம்.

அறிவித்தல் எழுத வந்த எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், "தொழில் எண்டு என்ன போடுறது பிள்ள?" என்று மகளிடம் கேட்டார்.

"உலக வரைபடம் செய்றவர். கணினி விளையாட்டுகளுக்கு" என்றாள் அவள்.

"விளையாட்டெண்டு போட்டா ஆக்கள் ஒரு மாதிரி நினைப்பாங்க. வெளிநாட்டுக் கம்பனி உத்தியோகத்தர் எண்டு போடுவம், என்ன?"

அவள் அழுதுகொண்டிருந்தாள். அறிவித்தல் அப்படியே அச்சாகிப் போனது; நானும் தடுக்கவில்லை. இரங்கலுரையில் இன்னொருவர், "அன்னார் கணினியில் ஏதோ பெரிய வேலை பார்த்தவர்" என்றார். ஏதோ! பதினோராண்டுகள் ஒரு மனிதர் தம் கண்ணையும் முதுகையும் கொடுத்துச் செய்த வேலைக்கு, அவருடைய சொந்தச் சனம் கொடுத்த பெயர் 'ஏதோ'. ஆகவே, அது என்ன வேலை என்பதை நான் சொல்லிவிடுகிறேன்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார். எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வதுதான் வழக்கம். பெரிய வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு அதே வளவில் பின்னால் இருந்த சிறிய வீட்டுக்கு நான் குடிபோனேன். உண்மையைச் சொன்னால், இந்தச் சம்பந்தத்தில் எனக்கு விருப்பமில்லை. அவர் தனியார் நில அளவையாளர் ஒருவரிடம் படம் வரைபவராக இருந்தார். அதைவிட, அவர் படுவான்கரைக்காரர். வெளியூரவர்களுக்காகச் சொல்கிறேன்: மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை; மேற்கே, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் தெருவும் கடையும் கொன்வென்ட் பள்ளிக்கூடமும் இருந்தன. ஆகவே எங்களுக்குத் தலைக்கனமும் இருந்தது. "அங்கால என்ன கிடக்கு? காடும் யானையும்தானே" என்று கலியாணம் பேசியவர்கள் முன்னால் நான் சொன்னேன். அதை அவர் கேட்டார். சிரித்தார்.

சில ஆண்டுகள் கழிந்து அவர் அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு வரைபடம் செய்யத் தொடங்கினார். கணினி விளையாட்டுக்கென்று கேட்டதும் எனக்கு ஆத்திரம் வந்தது. "பிள்ளைகுட்டிக்காரன், விளையாட்டுச் சாமான் செய்றதோ மருமகன்?" என்று கேட்டேன்.

"விளையாடுறது அவங்க மாமி. நான் வேலி அடைக்கிறவன்" என்றார்.

அது நகைச்சுவைக்குச் சொன்னதல்ல. அந்த விளையாட்டில், விளையாடுபவர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஏதாவது ஓர் அரசைத் தெரிந்தெடுத்து, போர், வணிகம், திருமணம், உடன்படிக்கை என்று நூற்றாண்டுக் கணக்கில் ஆளுவார். அதற்கு முழு உலகமும் வேண்டும். உலகத்தை ஆயிரக்கணக்கான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் வேறெதற்கும் இல்லாத ஒரு நிறம் கொடுக்க வேண்டும். ஒரு புள்ளி நிறம் மாறினாலும் விளையாட்டு குழம்பும். இந்தத் துண்டில் யார் இருந்தார்கள், என்ன மொழி, என்ன விளைந்தது, எந்த ஆற்றைப் படை கடக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும்.

எவரும் ஆள முடியாத இடங்களுக்கு மட்டும் சாம்பல் நிறம். பனிப்பாழ், மணற்பாழ். அதற்குள் படையும் போகாது, வணிகமும் போகாது, மனிதரும் இல்லை. அந்த நிறத்தோடு அவருக்குத் தீராத பகை. எங்கோ ஒரு பாலைவன ஓரத்தில் ஆடு மேய்த்தவர்கள் இருந்தார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் முழுவதும் பழைய பயணக் குறிப்புகளை வாசித்தார். எனக்குப் புரியவில்லை. "உங்களுக்கு அந்த ஆட்டுக்காரர் மாமனோ மச்சானோ?" என்று கேட்டேன்.

"சாம்பல் எண்டா ஆக்கள் இல்லையெண்டு அர்த்தமில்ல மாமி. படம் கீறினவனுக்கு அலுப்பெண்டுதான் அர்த்தம்" என்றார்.

இதற்குப் பிறகுதான் எனக்கும் இந்த வேலைக்கும் தொடர்பு உண்டானது. நான் மட்டக்களப்பில் கொன்வென்டில் படித்தவள். அரச அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் ஆங்கிலக் கடிதங்கள் எழுதியவள். மருமகனுடைய ஆங்கிலம் வேலைக்குப் போதும், வாதத்துக்குப் போதாது. நிறுவனத்துக்கு எழுதும் கடிதங்களைத் திருத்தித் தருமாறு கேட்டார். நானும் திருத்தினேன். பத்து மணிக்கு அவர் கடிதத்தோடு வருவதும், சிவப்புப் பேனையுடன் நான் உட்காருவதும், விடுமுறை நாட்களில் மகள் தேநீர் தந்துவிட்டு, "ரீச்சர், இண்டைக்கு எத்தனை மார்க்ஸ்?" என்று எங்கள் இருவரையும் கேலி செய்வதும் வழக்கமாயின.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் புதிய விளையாட்டொன்றுக்காக எங்கள் தீவின் வரைபடம் வந்தது. அதை அவரிடம் கொடுக்கவில்லை. வேறொருவர் வரைந்ததைப் பார்த்துச் சரிபிழை சொல்லத்தான் அனுப்பியிருந்தார்கள். வடக்குக்கு ஒரு நிறம். மலைநாட்டுக்கு ஒன்று. மேற்குக் கரைக்கு ஒன்று. வாவியிலிருந்து உள்நாடு வரை எங்கள் பக்கம் முழுவதும் சாம்பல். மண்டூர், வவுணதீவு, வயல், கோயில், எல்லாம் மனிதரில்லாத பாழ். காரணமும் எழுதியிருந்தார்கள்: அது பெரும்பாலும் காடு, யானைகள் நிறைந்தது, துண்டாக்கினாலும் கணினிச் சுட்டியால் தொட முடியாத அளவு சிறியது.

வாசித்துவிட்டு மருமகன் என் முகத்தைப் பார்த்தார். "கலியாணம் பேசக்குள்ள நீங்க சொன்னதைத்தான் அவனும் சொல்றான் மாமி" என்றார்.

எனக்குக் காது சுட்டது. அவருக்கோ வேறிடத்தில் சுட்டது. ஐரோப்பாவில் ஒரு சின்னஞ்சிறு தீவை, சுட்டியால் தொட வசதியாகப் பல மடங்கு பெருப்பித்து வரையும்படி அதே நிறுவனம் அவரிடம் கேட்டிருந்தது. அவரும் தம் கையால் பெருப்பித்துக் கொடுத்திருந்தார்.

அன்றே ஒரு கடிதம் எழுதினார். அதன் கருத்து இது: 'என் தாய் அங்கே நெல் விதைக்கிறாள். அவளுடைய தாயும் விதைத்தாள். நீங்கள் அங்கே எவருமில்லை என்கிறீர்கள். இது பொய். ஆதாரங்களை இணைத்துள்ளேன். திருத்துங்கள்.'

கடிதம் எழுதக் கற்றுத் தந்த கன்னியாஸ்திரி, கோபத்தைக் காகிதத்தில் காட்டுவது பண்பற்றவர் செயல் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார். அறுபது ஆண்டுகளாக நான் அதை நம்பினேன். 'பொய்' என்பதை வெட்டினேன். தாயையும் தாயின் தாயையும் வெட்டினேன். 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்று தொடங்கி, 'வசதியான வேளையில் பரிசீலிப்பீர்களாயின் நன்றியுடையேன்' என்று முடித்தேன்.

அவர் வாசித்தார். "மாமி, நான் நல்ல உறைப்பா மிளகாய்ச் சம்பல் தந்தன். நீங்க கழுவிப்போட்டுத் தந்திருக்கீங்க" என்றார். ஆனால் அப்படியே அனுப்பினார். மாமி திருத்தியதை மருமகன் மறுபடி திருத்துவது எங்கள் வீடுகளில் நடக்காது. அந்த மரியாதையை அவர் மீறவில்லை. மீறியிருக்கலாம்.

பதில் வந்தது. 'தங்கள் அன்பான ஆலோசனைக்கு நன்றி. வசதியான வேளையில் பரிசீலிப்போம்.' என்னுடைய சொற்களையே எடுத்து எங்கள் முகத்தில் வீசியிருந்தார்கள். விளையாட்டு வெளிவந்தது. சாம்பல் மாறவில்லை. பாதி உலகத்தை வேலியடைத்தவருடைய பெயர், வரைபடம் செய்தவர்களின் பட்டியலில் இல்லை. கடைசியில், 'மேலும் உதவியோர்' என்பதன் கீழே இருந்தது.

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலை முடிந்த பின் தம் சொந்த நேரத்தில் எங்கள் பகுதியைத் தாமே வரையத் தொடங்கினார். எழுவான்கரை ஒரு துண்டு, படுவான்கரை ஒரு துண்டு, நடுவே வாவி, அதைக் கடக்கும் துறைகள். எங்கே நெல், எங்கே மீன், எந்தக் கோயிலைச் சுற்றிக் குடிகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் தேடினார். வெளிவந்த விளையாட்டுக்கு இந்த மாத இறுதிவரை திருத்தங்களை ஏற்போம் என்று நிறுவனம் அறிவித்ததும், மறுபடி எழுதினார். இறப்பதற்கு முதல் நாள் மாலை என்னிடம் வந்து, "மாமி, இந்தமுறை நானே எழுதிட்டன். நீங்க எழுத்துப்பிழை மட்டும் பாருங்க. போனமுறை மாதிரி மறுகா ஒண்டும் வெட்டப்படாது" என்றார். "சரி" என்றேன். நான் காத்திருந்த கடிதம் அதுதான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நிறுவனத்திலிருந்து அனுதாப மின்னஞ்சல் வந்தது. நான்கு வரிகள். மூன்றில் துக்கம். நான்காவதில், அவருடைய கணினியிலுள்ள வேலைக் கோப்புகளை விரைவில் அனுப்பி உதவ முடியுமா என்ற கேள்வி.

"அனுப்பிட்டு விடுவம் அம்மா. எனக்கு ஏலாது" என்றாள் மகள்.

"அவங்கட வேலையை அனுப்பு. எங்கட பக்கத்தை அவர் கீறினதை, அவர் எழுதி வைச்ச கடிதத்தோடதான் அனுப்பணும்" என்றேன்.

அவள் கணினியைத் திறந்து தந்தாள். கடிதம் அங்கே இருந்தது. பொய் என்ற சொல் அதில் மூன்று தடவை இருந்தது. வணக்கம் இல்லை, நன்றி இல்லை. ஒரு வாக்கியம் எழுவாய் ஓரிடமும் பயனிலை ஓரிடமுமாகக் கிடந்தது. பழக்கத்தில் சிவப்புப் பேனையை எடுத்து, மறுபடி மூடி வைத்தேன். எழுத்துப்பிழைகள் நான்கு, அவற்றை மட்டும் திருத்தினேன். அந்த வாக்கியத்தை அப்படியே விட்டேன். மகள் அனுப்பினாள்.

அடுத்த நாளே பதில்: இதை எழுதுவது யார் என்று அறியலாமா? நான் எழுதினேன்: 'எழுதியவர் குகதாசன். அனுப்புபவள் அவருடைய மாமி. முந்திய கடிதத்தை உங்களுக்கு இனிமையாக்கித் தந்தவளும் நானே. அது என் குற்றம். இனி அது நடக்காது. மாத முடிவுக்கு இன்னும் பத்து நாட்கள் இருக்கின்றன.'

இதை எழுதும்வரை மறுமொழி இல்லை. வராவிட்டால் மறுபடி எழுதுவேன். என் ஆங்கிலம் அவர்களுடையதைவிட நன்று.

ஒன்பதாம் நாள் நான் வாவியைக் கடந்து மண்டூருக்குப் போனேன். மழை கறுத்திருந்ததால், நின்றுபோன அறுவடையை மீண்டும் தொடங்கியிருந்தார்கள். அவருடைய தாயார் வரம்பில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். கண்கள் வீங்கியிருந்தன. என்னைக் கண்டு, "வாங்க சம்பந்தி" என்று பக்கத்தில் இடம் விட்டார். நானும் அந்தச் சாக்கில் உட்கார்ந்தேன். இயந்திரம் வளைந்து திரும்பியபோது ஒரு மூலைக் கதிர் வெட்டுப்படாமல் நின்றது. அந்த அம்மா எழுந்து, சேலையை இழுத்துச் செருகி, வயல் அதிரக் கத்தினார்:

"மூலைக்குள்ள நிக்கிறதும் நெல்லுத்தான் மனே! விட்டுட்டுப் போறாய், கிறுகி வா!"

ஓட்டுநர் கையை உயர்த்திக் காட்டினான். இயந்திரம் நின்று, பின்னால் வந்து, அந்த மூலைக்குள் இறங்கியது. முழுவதும் வெட்டி முடியும்வரை அவர் உட்காரவில்லை. நானும் எழுந்து அவர் பக்கத்தில் நின்றேன்.

உங்கள் தாயாரை இனி நான் பார்த்துக்கொள்வேன், மருமகன். நிம்மதியாகப் போங்கள்.