அக்கா கேட்ட இஞ்சிப் பச்சடி

இன்று மதியம், தச்சநல்லூர் முதியோர் இல்லத்தில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போனேன். கட்டணம் குறைவான இல்லம். சேர்த்து ஒரு வாரம்தான் ஆகிறது. கீழே விழுந்து இடுப்பு ஒடிந்தவளைத் தூக்கி உட்காரவைக்க என் எழுபத்திரண்டு வயதுக்குத் தெம்பு இல்லை.

அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் இன்றே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன்.

வாசலிலேயே அக்காவின் குரல் கேட்டது.

"ஏட்டி, தேங்காப்பால் சொதி வச்சுட்டு தொட்டுக்க இஞ்சிப் பச்சடி வைக்கலையா? நீ திருநவேலிக்காரிதானா?"

சமையல்காரப் பெண் சிரித்தாள். "ஏசாதீய ஆச்சி. அடுப்புக்கிட்ட வந்து நீங்களே பக்குவம் சொல்லுங்க." சக்கர நாற்காலியைச் சமையலறைக்கே தள்ளிக்கொண்டு போனாள்.

நான் வாத்தியாராக இருந்தவன். வகுப்பில் பயமில்லாத பிள்ளைதான் "புரியல சார்" என்று கை தூக்கும். விழுந்த நாளிலிருந்து என் வீட்டில் அக்கா எதையுமே குறை சொன்னதில்லை. எனக்குப் பாரமாகிவிட்டோம் என்று பயந்திருக்கிறாள்.

பைய அருகில் போய்க் கேட்டேன். "வீட்டுக்குப் போவமாக்கா?"

"சும்மா இருலே. இவ இப்பதான் இஞ்சி நறுக்குதா. நீயும் உக்காந்து சாப்பிடு."

இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். பச்சடியில் உப்பு கொஞ்சம் கூடுதல். அக்காவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது அந்தத் தைரியம் உண்டா?