வேலைக்காரன் கையில் விளக்கு

இடது கை மரச் சட்டத்தை வரிக்கு அடியில் பிடித்திருந்தது. வலது கையில் சிவப்புப் பேனா. ஒரு வரி முடிந்ததும் சட்டம் ஒரு வரி கீழே இறங்கும், பேனா இறங்காது. அது காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்று, பிழை வந்தால் மட்டும் கொத்தும். கீழ்த்தளத்தில் அச்சு இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேசை நடுங்கும். அந்தக் கைகள் நடுங்குவதில்லை.

'துன்பியல் நாடகத்தில் நாயகன் தன் தவறைக் கடைசியில் உணர்கிறான். அப்போது திருத்த நேரம் இருப்பதில்லை. இன்பியல் நாடகத்தில், ஏமாறுகிறவனைத் தவிர அரங்கில் இருக்கும் எல்லோருக்கும் உண்மை தெரியும்.'

இருபது வருடங்களுக்கு முன் அவளே எழுதிய வரிகள். ஒரு காற்புள்ளியை நகர்த்திவிட்டு மேலே போனாள்.

கல்லூரிப் பிள்ளைகள் தேர்வுக்கு முன்னால் அடித்துப் பிடித்து வாங்கும் கைடு அது. பழைய ஆங்கில நாடகங்கள் பன்னிரண்டு: ஆறு துன்பியல், ஆறு இன்பியல். ஒவ்வொன்றுக்கும் கதைச் சுருக்கம், பாத்திரங்களின் குணநலன், கருப்பொருள். அட்டையில் ஒரு பேராசிரியரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அவர் இவளுடைய அண்ணன். உள்ளே இருப்பதெல்லாம் இவளுடையது.

அண்ணன் கல்லூரியில் சேர்ந்த வருடம் இவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி இந்த அச்சகத்தில் சேர்த்தார்கள். வீட்டில் ஒருத்தர் படித்தால் எல்லோரும் படித்த மாதிரி என்றார் அப்பா. பிழை திருத்திப் பிழை திருத்தியே, அட்டை கிழிந்த அகராதி ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இவள் ஆங்கிலம் கற்றாள். பேராசிரியரான பிறகு அண்ணன் கைடு எழுத ஒப்புக்கொண்டு, இரண்டு நாடகங்களுக்குக் குறிப்பு கொடுத்தார். மீதியை நீயே ஒப்பேற்றிவிடு என்றார். இவளுக்கு ஒப்பேற்றத் தெரியாது. மூல நாடகங்களை மூன்று மூன்று தடவை படித்துப் பத்துக்கும் எழுதினாள். பிறகு, பார்க்கச் சகிக்காமல், அண்ணன் எழுதிய இரண்டையும் மாற்றி எழுதினாள். மாறியிருப்பதை அவர் இன்றுவரை கவனிக்கவில்லை.

இயந்திரத்து ஆட்கள் இவளுக்கு வைத்த பெயர் டிராஜடி அக்கா. காதுபடவே கூப்பிடுவார்கள். ஒருநாள் ஒருவன், தன் மாமியார் துன்பியலா இன்பியலா என்று கேட்டான்.

"உன்னைக் கேட்டா அவங்க டிராஜடி. அவங்களைக் கேட்டா நீ காமெடி" என்றாள் தலை நிமிராமல்.

பத்தாம் பதிப்பு வந்த அன்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார், அடுத்த பதிப்பில் உன் பெயரையும் போட்டுவிடலாம் என்று. இது பதினோராம் பதிப்பு. இவளுக்கு வேண்டியிருந்ததும் அது ஒன்றுதான். முதல் பக்கத்தில், அவர் பெயருக்குக் கீழே, இரண்டு அளவு சிறிய எழுத்தில். அளவைக்கூட முடிவு செய்து வைத்திருந்தாள்.

கைடு தொழிலில் திருட்டு அதிகம். நம் புத்தகத்தை அப்படியே அடித்து வேறு அட்டை போட்டு விற்பார்கள். கேட்டால், இதெல்லாம் மூல நாடகத்தில் இருப்பதுதானே என்பார்கள். அதற்காக ஒவ்வொரு பதிப்பிலும் நாடகத்தில் இல்லாத ஒரு சின்னப் பொய்யைச் செருகி வைப்பாள். அதற்குப் பொறி என்று பெயர். திருடியவனின் புத்தகத்திலும் அது இருந்தால் பிடிபட்டான். படிக்கிற பிள்ளைக்கு அரை மதிப்பெண்கூடக் குறையாதபடி அந்தப் பொய் இருக்க வேண்டும் என்பது அவள் கண்டிப்பு. அடுத்த பதிப்பில் பழைய பொறியை எடுத்துவிட்டுப் புதியது வைத்து, ஒரு நோட்டில் எழுதி முதலாளியிடம் கொடுப்பாள். இவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

பத்தாம் பதிப்பின் பொறி ஒரு விளக்கு. மாறுவேடமும் களவு போன கடிதமும் நிறைந்த ஓர் இன்பியல் நாடகத்தின் கடைசிக் காட்சியில் வேலைக்காரன் வெறுங்கையோடு வந்து கதவைத் திறப்பான். அவன் கையில் இவள் ஒரு விளக்கைக் கொடுத்தாள்.

போன மாதம் அண்ணன் ஓய்வு பெற்றார். கல்லூரி அரங்கில் அவருடைய நிறைவுரை. இவள் அண்ணியோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"கடைசிக் காட்சியில வேலைக்காரன் கையில ஒரு விளக்கு இருக்கு" என்றார் அண்ணன். குரல் தழுதழுத்தது. "அந்த விளக்குதான் இந்த நாடகத்தோட மனசாட்சி. நாப்பது வருஷமா இதைப் படிக்கிறேன். இந்த இடம் வந்தா இன்னிக்கும் எனக்குத் தொண்டை அடைக்குது."

அரங்கம் கை தட்டியது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க அண்ணன் எவ்வளவு ஆழமாப் படிச்சிருக்கார் பாத்தியா" என்றாள்.

பார்த்தாள். அந்த விளக்குக்கு வயது நான்கு. ஒரு செவ்வாய்க்கிழமை, டீ குடித்து முடித்த கையோடு இவள் மேசையில் பிறந்தது. நாற்பது வருடமும் அவர் நாடகத்தைத் திறக்கவில்லை. கைடு வந்ததிலிருந்து தங்கை எழுதியதைத்தான் வகுப்பில் ஒப்பித்திருக்கிறார். வெளித் திருடனுக்கு வைத்த பொறியில் வீட்டு ஆள் விழுந்திருந்தார்.

மறுவாரம் முன்னுரை வாங்கிவர அவர் வீட்டுக்குப் போனாள். விளக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். அண்ணனாயிற்றே. ஆனால் முதலில் பெயரைப் பற்றிக் கேட்டாள்.

"எனக்கென்ன, போடலாம்தான்" என்றார் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "ஆனா பட்டம் இல்லாத பேரைப் போட்டா புத்தகத்துக்கு மதிப்பு போயிடும்மா. நீ புரூஃப் பாக்கறவ. தையக்காரன் பேரைச் சட்டை மேலயா எழுதறாங்க?"

"காலர் உள்பக்கம் தைக்கிறாங்கண்ணா."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நீ உள்பக்கம்தானே இருக்கே."

பிறகு முன்னுரையை எடுத்துக் கொடுத்தார். "ஒரு எழுத்தை மாத்தாதே. போன தடவை 'வாழ்நாள் ஆய்வு'ன்னு நான் எழுதினதை வெட்டிட்டே. முன்னுரை என்னோடது. அதுல மட்டும் கை வைக்காதே."

விளக்கைப் பற்றிச் சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

முன்னுரையின் இரண்டாம் பக்கம் முழுக்க விளக்கு. அதன் சுடர், அதன் தனிமை, அந்தச் சுடரில் தான் கண்ட உண்மை. கைடில் அந்தக் காட்சி வரும் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தை மட்டும் இரண்டு நாள் தனியே எடுத்து வைத்திருந்தாள். பழைய பொறியை அப்படியே விட்டால் அண்ணன் தப்பிவிடுவார். முதலாளியும் ஒன்றும் கேட்கமாட்டார். எடுத்தால் முன்னுரையில் விளக்கு எரியும், புத்தகத்தில் வேலைக்காரன் வெறுங்கையோடு நிற்பான். ஊரிலுள்ள பேராசிரியர்களில் ஒருவராவது சிரிப்பார். ஒருவர் போதும்.

ஒவ்வொரு நாயகனுக்கும் ஒரு குணக்குறை உண்டென்று பன்னிரண்டு நாடகங்களுக்கு எழுதியவள். தனக்கு என்ன என்று தேட அதிக நேரம் பிடிக்கவில்லை. காத்திருந்தது. நாற்பது வருடம், யாராவது தானாக நினைத்துக் கொடுப்பார்கள் என்று.

இப்போது அந்தப் பக்கம்தான் மிச்சம். சட்டம் அந்த வரிக்கு இறங்கியது. பேனா மேலேயே நின்றது. பிறகு 'கையில் விளக்குடன்' என்பதை அடித்து, ஓரத்தில் 'வெறுங்கையுடன்' என்று எழுதினாள். கை நடுங்கியது. கீழே இயந்திரம் ஓடவில்லை.

மனசு ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை. வாய் கசந்தது.

நோட்டை எடுத்துத் தேதி போட்டாள். 'பதினோராம் பதிப்பு. பழைய பொறி நீக்கப்பட்டது. புதிய பொறி: முன்னுரை, இரண்டாம் பக்கம்.' புரூஃப் தாள்களை நூலால் ஒரு கட்டாகக் கட்டி, மேலே அச்சிடலாம் என்ற சீட்டை வைத்தாள். சீட்டின் அடியில் 'பார்த்தவர்' என்று ஒரு கோடு இருக்கும். இந்தப் புத்தகத்தோடு சேர்ந்து அவள் பெயர் வருகிற ஒரே இடம் அது. வழக்கமாகச் சுருக்கொப்பம் போடுவாள். இன்று முழுப்பெயரையும் எழுதினாள்.

பழைய முதலாளியின் மகன்தான் இப்போது முதலாளி. கட்டைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் தூக்கிவிட்டு மேசையில் வைத்தார்.

"முன்னுரை பாத்தாச்சாக்கா? சார் கோவப்படப்போறார்."

"எழுத்துப் பிழை ஒண்ணும் இல்ல. அவர் எழுதினபடியே இருக்கு."

"பொறி?"

"நோட்டுல இருக்கு."

அவர் நோட்டைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துப் பூட்டினார். சீட்டை எடுத்துச் சுவரிலிருந்த ஆணியில் பழைய சீட்டுகளோடு குத்தினார். கட்டை வாங்கிப் போக இயந்திரத்து ஆள் மேலே வந்தான்.

"இந்தத் தடவை எப்படிக்கா, டிராஜடியா காமெடியா?"

"ஓட்டு, தெரியும்" என்று சொல்லி அவன் கையில் கொடுத்தாள்.