பின்மூடியில் வந்த வெடிப்பு

பைபர் கிளாஸ் கார் என்றால் எங்கள் ஆட்களுக்கு உடனே ஒரு இளக்காரம் வந்துவிடும். "பிளாஸ்ரிக் காரோ?" என்று கேட்டுவிட்டு விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில வருடங்களில் அமெரிக்காவில் சின்னச் சின்னப் பட்டறைகள் கண்ணாடி நார்த் துணியைப் பசையில் ஊறவைத்து இப்படியான கார்க் கூடுகளைச் செய்து விற்றன. பழைய கார் ஒன்றின் மேற்பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டு, அடிச்சட்டத்தின் மேல் இந்தக் கூட்டைப் பொருத்தினால் இரண்டு பேர் போகக்கூடிய பந்தயக் கார் தயார். பல பட்டறைகள் விரல் விட்டு எண்ணக்கூடிய கார்களோடு படுத்துவிட்டன. அதனால்தான் அவை அரிது, யாரும் போற்றி வைத்ததால் அல்ல.

எனக்கு ஒன்று கிடைத்தது இங்கே கனடாவில், றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே, ஒரு பண்ணைக் கொட்டிலில். இருக்கையில் றக்கூன் மிருகக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. நான் அஜின்கோர்ட்டில் விபத்துக் கார் திருத்தும் கராஜில் வேலை செய்கிறவன். நாள் முழுக்க மற்றவன் நெளித்ததை நிமிர்த்திக்கொண்டிருப்பவனுக்குத் தனக்கென்று ஒன்று வேண்டும் போலிருந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் கராஜில் ஒன்பது வருடம் அதோடு மாரடித்தேன். குளிரில் பசை இறுகாது. ஆகவே மே மாதம் தொடங்கி செப்ரெம்பர் வரைதான் வேலை, மிச்ச மாதங்களில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். கூட்டை உரஞ்சித் தேய்க்கும்போது கிளம்பும் கண்ணாடித் தூசு தோலுக்குள் போனால் கடியும் சொறியும் தாங்காது. மனைவி முதலில் என் உடுப்புகளைத் தனியாகத் தோய்த்தாள், பிறகு என்னையும் தனியாகப் படுக்கச் சொன்னாள். அப்படி ஒன்பது வருடம் கழிந்து, வண்ணமும் கூட்டில் சில்லறைத் திருத்தங்களும் மட்டும் பாக்கி என்ற நிலையில்தான் அக்கா வந்தாள்.

"தம்பி, பிள்ளையின்ரை கலியாணத்துக்கு உன்ரை காரிலைதான் பொம்பிளை மாப்பிளை வந்து இறங்கவேணும். அத்தானின்ரை ஆக்கள் தங்கடை கலியாணத்துக்கு ஹெலிகொப்ரரிலை வந்து இறங்கினவை. எங்களுக்கும் ஒண்டு வேணுமெல்லோ."

கலியாணம் மே மாத நடுப்பகுதியில். அக்கா கேட்டது மார்ச்சில். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அக்காதான் பொறுப்பு நின்று என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்தவள். அவளிடம் முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஓம் என்றேன். கராஜுக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு, வேலையால் வந்த கையோடு இறங்கி, எப்படியோ முடித்துக் கொடுத்தேன்.

கலியாணத்தன்று மண்டப வாசலில் எல்லோரும் ஃபோனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அக்காவின் மகள், என் மருமகள், மாப்பிள்ளையோடு வந்து இறங்கினாள். கரும்பச்சைக் கூடு வெயிலில் பளபளத்தது. அதற்குப் பிறகு படம் எடுக்கும் படலம். நான் ஒரு துணியோடு பக்கத்தில் நின்று, கைபட்ட இடமெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா முழங்கால் நோகுது என்று சொல்லிவிட்டு, பத்தாயிரம் மடிப்பு வைத்த சேலையோடு காரின் பின்மூடியில், சாமான் வைக்கும் பெட்டியின் மேல், ஏறி இருந்தாள். அந்த மூடி ஆள் இருப்பதற்குச் செய்ததல்ல. சிரித்துக்கொண்டு நின்றேன்.

இரும்பு நெளியும். நெளிந்ததைப் பார்த்தால் எங்கே, எப்படி இடித்தது என்று சொல்லிவிடலாம். பைபர் கிளாஸ் அப்படியல்ல. வளைந்து, திரும்பி வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். வெடிப்பு ஆறுதலாக, நாள் கழித்துத்தான் மேலே வரும். மூன்று கிழமைக்குப் பிறகு பின்மூடியில், அக்கா இருந்த அதே இடத்தில், ஒரு தலைமயிர்க் கோடு தெரிந்தது. அடுத்த கிழமை அது ஒரு சாண் நீளம்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். விருந்துக்கு வந்திருந்த புது மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் இருந்தார். அதையும் பார்க்கவில்லை.

"பின்மூடி வெடிச்சுப்போச்சு. உங்கடை எடுப்புக்கும் பெருமைக்கும் என்ரை ஒன்பது வருசத்தை உடைச்சுப் போட்டியள்" என்றேன்.

"நான் இருந்ததாலையோ? சொல்லியிருந்தா எழும்பியிருப்பனே" என்றாள் அக்கா.

அந்த நியாயம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. "எப்ப சொல்ல விட்டனியள்? கூப்பிட்டு எடுத்தனீங்கள் எண்டதுக்காக நான் சாகுமட்டும் உங்களுக்கு வேலைக்காரனோ? எயாப்போட்டுக்கு ஓடவும் நான், சோபா தூக்கவும் நான், அத்தான் காரை இடிச்சால் நிமிர்த்தவும் நான். கூப்பிடாமலே விட்டிருக்கலாம்."

மாப்பிள்ளை தன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். அதன் பிறகு இரண்டு வருடம் பேச்சில்லை. மருமகளுக்குப் பிள்ளை பிறந்ததும், முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்ததும் பிறத்தியார் சொல்லித்தான் தெரியும். காரையும் துணி போட்டு மூடிவிட்டேன். பார்க்கவே வெறுப்பாக இருந்தது.

போன கோடையில்தான் திருத்துவோம் என்று மூடியை உரஞ்சினேன். வண்ணம் போய், அடிப்பூச்சுப் போய், உள்ளே வந்ததைப் பார்த்ததும் உரஞ்சும் இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். வெடிப்பு ஓடியது கூட்டில் முன்பிருந்தே கிடந்த ஒரு பழைய முறிவின் மேலால். முறிவு என்றால் இரண்டு பக்கமும் சரித்து உரஞ்சி, கண்ணாடி நார்த் துணியைப் படை படையாக வைத்துப் பசையில் ஊறவிட்டுக் கட்டவேண்டும். இங்கே துணியே இல்லை. வெறும் நிரப்புப் பசையை அப்பி, மட்டமாக்கி, மேலே வண்ணம் அடித்திருந்தது. அடித்தவன் நான்தான். கலியாணத்துக்கு முந்தின அந்த ஏப்ரலில் நாள் போதாமல் செய்த வேலை. மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். நினைக்க விரும்பவில்லை. அக்கா அதன்மேல் இருந்திராவிட்டாலும், மார்க்கம் வீதியில் ஒரு குழிக்குள் விழுந்து எழும்பியிருந்தால் அது வெடித்திருக்கும். கராஜில் இதே வேலையை வேறொருவன் செய்திருந்தால் நான் அவனை மனிதனாகவே மதித்திருக்க மாட்டேன்.

வெட்கமாக இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் தனியாக இருந்தாள், மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முறிவு, துணி, பசை, என் அவசரம். "உங்களிலை ஒரு பிழையும் இல்லை அக்கா. என்ரை வேலைதான் பிழை" என்றேன்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "கார் ஆராலை வெடிச்சால் என்ன தம்பி. அதை நான் அண்டைக்கே விட்டிட்டன். நீ அண்டைக்குச் சொன்ன கதை காராலை வந்த கதையில்லை. இவ்வளவு காலமும் என்னைப் பற்றி அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தனியோ?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். ஒரு சொல்தானே. வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் படுத்திருக்கலாம். ஆனால் அன்று காலையில்தான் என் கையாலேயே மூடி மறைத்த ஒன்றைத் தோண்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"ஓம்" என்றேன்.

அக்கா எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டாள். அந்த வீட்டில் நான் குசினிக்குள் போய், கிடைத்த கோப்பையில் நானே தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கிறவன். அன்றைக்கு அக்கா என்னை முன்னறையில் இருக்கச் சொன்னாள். கண்ணாடி அலுமாரியைத் திறந்து, விருந்தாட்களுக்கு எடுக்கும் கோப்பையில், கீழே தட்டு வைத்து, தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள்.