தரையை ஒட்டிய கார்

தரையை ஒட்டிப் போனால்தான் காருக்கு அழகு என்று எவனோ சொல்ல, நானும் என் சின்னக் காரைத் தாழ்த்தக் கிளம்பினேன்.

"பின்னால ஸ்பிரிங்குல அடுக்கியிருக்கற இரும்புப் பட்டையில ரெண்டைக் கழட்டுனா, வேணுங்கறப்ப மாட்டிக்கலாமுங்க. முன்னால சுருள் ஸ்பிரிங்கை அறுத்தா அறுத்ததுதானுங்க" என்றார் மெக்கானிக்.

"ரெண்டையும் செய்யுங்க!"

மறுநாள் மனைவி, மாமனார், மாமியாரோடு வேலந்தாவளம் சந்தையிலிருந்து திரும்பினேன். எங்கள் மண்பாதையில், மாட்டுவண்டித் தடங்களுக்கு நடுவிலிருந்த மேட்டில் காரின் வயிறு உட்கார்ந்துவிட்டது. மூவரும் இறங்கினால் நகர்ந்தது. ஏறினால் மறுபடி உட்கார்ந்தது.

"ஏனுங்க, நீங்க கார்ல மெதுவா வாங்க. நாங்க நடந்து ஊட்டுக்குப் போயி காப்பி வெச்சிருக்கறோம்" என்றாள் மனைவி.

பட்டைகளை உடனே மாட்டிவிட்டேன். அறுத்த ஸ்பிரிங் மட்டும் வளரவில்லை. தண்ணீர் குடிக்கும் மாடுபோல் முன்பக்கம் கவிழ்ந்தே கார் ஓடுகிறது. தினமும் எனக்குப் பதிலாக அது தலைகுனிகிறது.