செத்தவர் பெட்டியைத் தொடமாட்டேன்

நான் போனில் கேம் ஆடுகிறேன். துப்பாக்கி எடுத்துச் சுடுகிற கேம். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் எனக்கு எதைச் சொல்லவும் வெட்கம். மளிகைக் கடையில் அரை கிலோ துவரம்பருப்பு கேட்கக்கூட, மற்றவர்கள் வாங்கிப் போகட்டும் என்று ஓரமாக நிற்கிறவள் நான். ஆனால் தப்பு செய்கிறோம் என்கிற வெட்கம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இது புதிதாக வந்த ஆசையும் இல்லை. என் மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் டிவியில் மாட்டி ஆடுகிற கேம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். கேசட்டைச் செருகினால் டாங்கி வரும், சுவரை உடைத்துக்கொண்டு போகலாம். நடவுக்கோ களையெடுக்கவோ போய்விட்டு மதியம் நான் வீடு திரும்பும்போது பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவேன். கஞ்சி குடிக்கிற நேரத்தைக்கூட அதற்குக் கொடுத்திருக்கிறேன்.

ஒருநாள் என் கணவர் பார்த்துவிட்டார். கோயில் மரத்தடியில் சீட்டாடிவிட்டு வந்த நேரம் அது.

"வயசுப் பொண்ணு இருக்கற வூட்ல ஆத்தாக்காரி ஆடற ஆட்டமாடி இது?"

அந்த வாரமே டிவி கேம் பழைய சாமான்காரரிடம் போனது. நான் வாய் திறக்கவில்லை. அப்போதெல்லாம் திறக்க மாட்டேன்.

அவர் காலமாகிச் சில வருஷம் ஆகிறது. மகன் திருபுவனையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். புது போன் வாங்கியதும் பழையதை என்னிடம் கொடுத்தான், பேசுவதற்கு. என்னோடு யார் பேசப் போகிறார்கள்? அதில் அவன் அழிக்காமல் விட்ட கேம் ஒன்று இருந்தது. தொட்டேன். விமானத்திலிருந்து ஒரு ஆள் குதித்தான், ஒரு தீவில் போய் இறங்கினான். இறங்கியவுடனே யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு கோபம் வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. திரும்பவும் குதித்தேன்.

ஒரு மாசத்தில் மகன் வந்து முன்னால் உட்கார்ந்தான்.

"யம்மா, தெருவுல போறவன்லாம் இன்னாடா உங்க வூட்ல டப்பு டுப்புன்னு சத்தம்னு கேக்கறான். மானம் போவுதும்மா."

"உங்கப்பா மரத்தடியில சீட்டாடினப்ப போவாத மானமாடா?"

அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். நான் சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன். ஆட்டத்தைக் குறைக்கவில்லை.

இந்த ஆட்டத்தை நாலு பேர் சேர்ந்து ஒரு கட்சியாக ஆடலாம். கூட வருகிறவர்கள் எங்கேயோ இருக்கிற விடலைப் பையன்கள். மைக்கைத் திறந்துவைத்துக்கொண்டு, தாய் தங்கையை இழுத்துத்தான் பேசுவார்கள். நான் என் மைக்கைத் திறந்ததே கிடையாது. என்னைப் போல ஆசைப்படுகிற பொம்பளைகளும் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு. போனில் எழுத்தடிக்க வராது. ஆனால் போனிடம் பேச வெட்கமில்லை, அது திரும்பி முகத்தைப் பார்க்காது. "கேம் ஆடற பொம்பளைங்க" என்று சொன்னேன். கண்டதெல்லாம் வந்தது. சொல்லிச் சொல்லித் தேடியதில் காரைக்கால்காரி ஒருத்தியின் வீடியோ கிடைத்தது. அவள் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வைத்திருந்தாள்.

என்னையும் சேர்க்கச் சொல்லி, போனிடம் பேசியே எழுதவைத்து அனுப்பினேன். அவள் குரலில் பதில் வந்தது: "நாப்பது தாண்டுன பொம்பளைங்க மட்டும்தான். எங்களோட ரெண்டு ஆட்டம் ஆடிக் காட்டணும். ஒத்துவந்தா சேத்துக்கறேன். மைக்கைத் தொறந்து வெக்கணும், ஊமை ஆட்டம் எனக்கு ஆவாது."

அந்தக் குரூப்பில் சேர்ந்தே ஆகவேண்டும் என்று இருந்தது எனக்கு. பெண் பார்க்க வந்தபோதுகூட நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவில்லை.

வீட்டில் வைத்துப் பேச முடியாது. கரும்புக் கொல்லையில் இருக்கிற மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் அங்கே யாரும் வரமாட்டார்கள். ஆட்டத்தில் நாலு பேர்: காரைக்கால்காரி, அவள் குரூப்பிலிருந்த சேலத்துக்காரி, இன்னொருத்தி, நான். மைக்கைத் திறந்தேன், ஆனால் பேச்சு வரவில்லை. அவர்கள் மூவரும்தான் பேசினார்கள்.

ஒருவனை நான் சுட்டு வீழ்த்தினேன். அந்த ஆட்டத்தில் செத்தவன் இருந்த இடத்தில் ஒரு பெட்டி கிடக்கும். அவன் வைத்திருந்த துப்பாக்கி, குண்டு, மருந்து எல்லாம் அதில் இருக்கும். எல்லோரும் ஓடிப்போய் முதலில் அதைத்தான் அள்ளுவார்கள்.

"பெட்டிய எடுக்கா! குண்டு இருக்கும்!" என்றாள் காரைக்கால்காரி.

நான் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனேன். கொஞ்ச நேரத்தில் என் குண்டு தீர்ந்தது. எதிரே வந்தவன் என்னைச் சுட்டான், என்னைத் தேடி வந்தவர்களையும் சுட்டான். ஆட்டம் போச்சு.

"ஏக்கா, ஆட வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா?" என்றாள் சேலத்துக்காரி. "கண்ணு முன்னாடி பெட்டி கெடக்குது!"

"பேசுக்கா," என்றாள் காரைக்கால்காரி. "பேசலன்னா இத்தோட போயிடலாம்."

"செத்தவங்க பொட்டிய நான் தொடமாட்டேன்."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"அக்கா, அது கேமு!"

"கேமுதான், தெரியும். எங்க ஊர்ல செத்தவங்க பாயி, துணிமணி எல்லாத்தையும் சுடுகாட்டுலயே போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வருவாங்க. எவளும் எடுத்துக் கட்டிக்கமாட்டா. எனக்குக் கை வரல. ஆட்டத்துல வர்ற வூட்ல எல்லாம் பூந்து குண்டு பொறுக்கிக்கறேன்."

"உங்களுக்கு எத்தினி வயசு?" என்று மூன்றாமவள் கேட்டாள்.

"அறுவத்தஞ்சு."

"அய்யய்யோ, ஆயா!" என்றாள் சேலத்துக்காரி.

"ஆயான்னு என் பேரப்புள்ள கூப்புடட்டும். இங்க நான் ஆட வந்தவ."

போனை வாய்க்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனேன். நானே சொன்னேன்: "சேத்துக்கறதுன்னா சேத்துக்குங்க. இல்லன்னா தனியா ஆடிக்கறேன். நிறுத்தறதா மட்டும் இல்ல."

"இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி கெடக்குது, அதுக்குள்ள இன்னா கோவம்?" என்றாள் காரைக்கால்காரி.

இரண்டாவது ஆட்டத்திலும் பெட்டியைத் தொடவில்லை. நடுவில் காரைக்கால்காரி அடிபட்டு விழுந்தாள். விழுந்தவரைச் சாவதற்குள் பக்கத்தில் போய்த் தூக்கிவிட்டால் பிழைத்துக்கொள்வார். என்னிடம் மூன்றோ நாலோ குண்டுதான் இருந்தது. ஓடினேன்.

"வராதக்கா, சுட்டுடுவான்!"

தூக்கிவிட்டேன். அவள் எழுந்து நின்றதும் இரண்டு பேரையும் சேர்த்தே சுட்டுவிட்டான்.

"செத்தவன் பெட்டிய தொடமாட்ட, விழுந்தவள தூக்க மட்டும் இப்புடி ஓடியாருவியா?" என்று கத்தினாள்.

"நீ அப்ப இன்னும் சாவலயேடி!"

பத்து நிமிஷம் கழித்துக் குரூப்பில் என்னைச் சேர்த்ததாகப் போனில் வந்தது. கூடவே சேலத்துக்காரியின் குரல்: "தலைவி, இந்தம்மாவ வெச்சிக்கிட்டு ஒரு நாளும் செயிக்க முடியாது, சொல்லிட்டேன்."

அவள் சொன்னது ஏறக்குறைய சரிதான். வாரத்தில் பாதி நாள் என்னால்தான் தோற்கிறோம். தோற்ற அன்றெல்லாம் அவள் என்னைக் கிழி கிழியென்று கிழிக்கிறாள். நானும் விடுவதில்லை. நேற்றும் குண்டில்லாமல் நின்று செத்தேன். "பெட்டி, பெட்டி, பெட்டி!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டது சேலத்திலிருந்து எனக்குக் கேட்டது.

"கத்தாம அடுத்த ஆட்டத்தப் போடுடி," என்றேன்.