முள்ளுக்கரண்டியின் முதுகில் நான்கு எழுத்துகள்

அந்த முள்ளுக்கரண்டியின் நுனிகள் மஞ்சள். கைப்பிடியின் அடிப்பக்கம் மட்டும் வெள்ளை. மஞ்சள் எங்கே முடிந்து வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று எத்தனை தரம் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. அந்த வெள்ளையின் பின்புறத்தில் குட்டிக் குட்டிக் கட்டங்களுக்குள் ஒரு கிரீடம், பக்கத்தில் நான்கு ஆங்கில எழுத்துகள். மாமி இறந்த பிறகு அவருடைய பிஸ்கட் பேணிக்குள், செபமாலைக்குக் கீழே அதைக் கண்டெடுத்தேன். அழுகைக்கு முன் பழைய கேள்விதான் வந்தது. மாமி கள்ளியா, இல்லையா?

மாமி என் அப்பாவின் தமக்கை. குருநகரில் எங்களோடுதான் இருந்தார். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் சுண்டுக்குளியில் வழக்குகள் பார்க்கும் ஒரு பிரக்கிராசியார் வீட்டில் சமையலும் குசினியும் அவர் பொறுப்பில் இருந்தன. அந்த வீட்டு அம்மாவின் பெருமையெல்லாம் சீமையிலிருந்து வந்த வெள்ளிக் கரண்டிகள்தான். யேசு பிறந்த நத்தாருக்கும் உயிர்ப்புத் திருநாளுக்கும் முன்னர் மாமி அவற்றை மினுக்குவார். எங்கள் வீட்டு மாதா சுரூபத்தடிப் பித்தளை மெழுகுதிரிக் கால்களை எப்படித் தேய்ப்பாரோ அப்படியே, பழப்புளியும் அடுப்புச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சுமாக. முத்திரை இருக்கும் இடத்தை மட்டும் தேய்க்கமாட்டார். "எழுத்து அழிஞ்சால் அம்மா ஏசுவா" என்று அதைத் துணியால் துடைத்துவிடுவார். தன் மினுக்கலில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பல வருடங்கள் அப்படிப் போய், ஒரு நத்தாருக்கு விருந்தாளிகள் முன்னால் கரண்டிகள் மஞ்சளாகத் தெரிந்தன. "என்ரை வெள்ளியை வித்துப்போட்டு, அதே மாதிரிப் பித்தளையிலை செய்விச்சு வைச்சிருக்கிறாய்!" என்று அந்த வீட்டு அம்மா கத்தினாராம். "உதையும் கொண்டு போ" என்று ஒரு முள்ளுக்கரண்டியை எறிந்தாராம். மாமி அதைக் கையில் பிடித்தபடி வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தார். அந்த வருடம்தான் அப்பா தன் மீன்பிடிப் படகுக்கு எஞ்சின் பூட்டினார். ஊர் வாய்க்கு வேறென்ன வேண்டும்? வெள்ளிதான் எஞ்சினாகிவிட்டது என்றார்கள். அந்தப் படகின் உழைப்பில் படித்தவள் நான். ஒருநாள் பொறுக்கமுடியாமல் மாமியிடமே கேட்டுவிட்டேன்.

"அப்ப அந்த வெள்ளி எங்கை மாமி?"

அவர் மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை. "நான் மினுக்கினனான், பிள்ளை. வேறை ஒண்டும் செய்யேல்லை."

எனக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. மழுப்புகிறார் என்றே நினைத்தேன்.

இத்தனை காலத்துக்குப் பிறகு அந்த முத்திரையை வைத்துக் கைபேசியில் தேடினேன். சிங்கம் இருந்தால் வெள்ளி என்றது ஒரு பக்கம். என்னிடம் சிங்கம் இல்லை, கிரீடம் இருந்தது. கிரீடமும் வெள்ளிவேலைக்குப் பேர்போன சீமை ஊரொன்றின் அடையாளம் என்றது இன்னொன்று. செய்தவர் யார் என்று பார்த்தால் ஒவ்வொரு படமும் இதே மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. தலை சுற்றி, கடைசியில் கஸ்தூரியார் வீதியில் தெரிந்த ஒரு நகைப் பத்தரிடம் கொண்டுபோனேன்.

பத்தர் எழுத்துகளுக்குப் பக்கத்தில் லேசாகக் கீறி ஒரு துளி அமிலம் விட்டார். துளி பால்போல் வெளுத்தது. "இது வெள்ளிதான் அக்கா" என்றார். வெள்ளி என்றால் நுனி ஏன் மஞ்சள்? பித்தளை என்றால் இது எப்படி வெள்ளி? மாமியை விட்டுக்கொடுப்பதா, கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் நின்றேன். "கொஞ்சம் பொறுங்கோ" என்று அவர் அதே இடத்தில் அரத்தால் ஆழமாக ஒரு கீறு போட்டார். இந்தமுறை துளி பச்சையாகப் பொங்கியது.

"முலாம், அக்கா. மேலைதான் வெள்ளி. உந்த நாலு எழுத்தும் அதைத்தான் சொல்லுது. செய்தவன் ஆரெண்டு எனக்குத் தெரியாது, ஆனால் செய்யேக்கையே உள்ளுக்கை செம்பும் நிக்கலும்தான். ஆரோ புளியோ சாம்பலோ போட்டு நல்லா உரஞ்சினதிலை வெள்ளி தேய்ஞ்சு உள் மஞ்சள் தெரியுது. உந்த இடத்தை மட்டும் விட்டிருக்கினம்."

விற்பதற்கு அந்த வீட்டில் வெள்ளியே இருந்ததில்லை. சந்தோசப்படவேண்டிய நேரத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. மாமி கள்ளியில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? அந்த அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. யாருக்குச் சொல்லவேண்டுமோ அந்த ஆள் நான்தான் என்பது வீதியைக் கடக்கும்போதுதான் உறைத்தது.

இப்போது அது என் மேசையில் கிடக்கிறது. எழுத்துகளைச் சுற்றியுள்ள வெள்ளை மெல்லக் கறுக்கிறது. "புளி போட்டு மினுக்கட்டோ அம்மா?" என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். மாமி செய்ததுபோல் அந்த இடத்தை மட்டும் துணியால் துடைக்கிறேன். வெள்ளி எங்கை என்று கேட்டதற்கு, மினுக்கினனான் என்றுதானே அவர் சொன்னார்.