ஏழாவது வயிற்று வலி

ஆறாம் வகுப்புப் படித்த வருஷம், கொல்லிமலையில் இருந்த ஆறு வாரத்தில் எனக்கு ஏழு தடவை வயிற்று வலி வந்தது. அதில் ஆறு பொய்.

எங்கள் பள்ளிக்கூடம் ஈரோட்டில் இருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஆறு வாரம் மலைக்கு அனுப்பி, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் காட்டிலும் ஓடையிலும் பாடம் படிக்க வைப்பது அவர்கள் வழக்கம். செம்மேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே ஓடு வேய்ந்த நாலு கட்டடங்கள். அங்கேதான் தங்கல். செல்போன் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை, ஆபீஸ் அறையில் நின்று வீட்டோடு ஐந்து நிமிஷம் பேசலாம்.

இதில் அப்பாவுக்குத்தான் ஆசை அதிகம். நான் ஒற்றைப் பிள்ளை, யாரோடும் ஒட்டமாட்டேன். நாலு பேரோடு தூங்கி எழுந்தால் சரியாகிவிடுவேன் என்று அவர் நம்பினார். அம்மா இரண்டு ஸ்வெட்டரை மடித்து வைத்தாள்.

நாங்கள் பதினேழு பெண்கள். மலையில் எதைச் செய்தாலும் இரண்டிரண்டு பேராகத்தான் செய்ய வேண்டும். ஓடைக்குப் போக ஒரு துணை, சாப்பாட்டுத் தட்டுக் கழுவ ஒரு துணை, கூடாரம் கட்ட ஒரு துணை. பதினேழை இரண்டால் வகுத்தால் என்ன மீதி என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டேன். என்னை ஒரு ஜோடியோடு மூன்றாவதாகச் சேர்த்துவிட்டார்கள். அந்த இரண்டு பேரும் ஊரில் ஒரே தெருவில் குடியிருப்பவர்கள். கெட்டவர்கள் இல்லை. நான் பின்தங்கினால் நின்று காத்திருப்பார்கள். நான் வந்து சேர்ந்ததும் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம் ஒரு விளையாட்டு வைத்தார்கள். ஜோடியில் ஒருத்திக்குக் கண்ணைக் கட்டி, இன்னொருத்தி அவள் கையைப் பிடித்து மேட்டில் ஏற்றிக் கூட்டிவர வேண்டும். மூன்றாவதாக இருப்பவள் என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. விளையாட்டை நடத்திய சார் என் கையில் விசிலைக் கொடுத்து, எல்லோரும் மேலே வந்து சேர்ந்ததும் ஊதச் சொன்னார். பதினாறு பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே ஏறி வருவதைப் பார்த்தபடி நின்றேன். பிறகு விசிலைத் திருப்பிக் கொடுத்து, வயிறு வலிக்கிறது என்றேன். அதுதான் முதலாவது.

உடம்பு சரியில்லாத பிள்ளைகளுக்கென்று ஒரு அறை இருந்தது. கதவுக்கு மேல் ‘மாணவர் நல அறை’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்ட அக்கா மட்டும் அதைக் காய்ச்சக்கார ரூம்பு என்றுதான் சொல்வாள். அந்த மலையிலேயே தேவனூர் நாட்டுப் பக்கத்துக்காரி. முப்பத்தைந்து வயது இருக்கும். காய்ச்சல் பார்ப்பது, அடிபட்டால் கட்டுப் போடுவது, மாத்திரை கொடுத்து நோட்டில் எழுதுவது, ஞாயிற்றுக்கிழமை எங்கள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிடுவது எல்லாம் அவள் வேலை.

அன்று என்னைப் படுக்க வைத்து, வயிற்றில் கையை வைத்து, எந்த இடம் கண்ணு என்று கேட்டாள். ஏதோ ஒரு இடத்தைக் காட்டினேன். சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். கம்பளியைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டு, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். பேச்சு ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தில் நான் யாருக்கும் மூன்றாவதாக இல்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் வலித்தது. அதற்குப் பிறகு எனக்கு அது கைவந்த கலையாகிவிட்டது. அக்கா ஒவ்வொரு தடவையும் வயிற்றில் கையை வைத்தாள், ஒவ்வொரு தடவையும் சுக்குத் தண்ணீர் வைத்தாள். ஒரு தடவைகூட நிஜமாகவா என்று கேட்கவில்லை. நான் நன்றாக நடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது வலி ஒரு சனிக்கிழமை வந்தது.

அன்று காலையில் அக்கா நல்ல சேலை கட்டியிருந்தாள். தலையில் பூ இருந்தது. கையில் ஒரு மஞ்சப்பை. அதில் மலைவாழைப்பழமும் கடலை உருண்டையும் சிவப்பு ரிப்பனும் இருந்ததை எட்டிப் பார்த்துவிட்டேன். எங்கே போகிறாள் என்று சமையல்கார அம்மாவிடம் கேட்டேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவளுக்கு லீவு என்றும், அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகளைப் பார்க்கப் போகிறாள் என்றும் அந்த அம்மா சொன்னார்கள். மகளுக்கு என் வயதுதான் என்றார்கள்.

அக்காவுக்கு ஒரு மகள் இருப்பாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தேன்.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லையென்றால் நல அறைக்காரர் வளாகத்தை விட்டுப் போகக் கூடாது என்பது விதி. அதோடு ஒரே மாதத்தில் ஆறாவது தடவை என்பதால், இனி டாக்டரிடம் காட்டிவிட வேண்டியதுதான் என்று மிஸ் சொன்னார். எங்களுக்கெல்லாம் பொறுப்பு அந்த மிஸ்தான். ஜீப்பில் என்னைச் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நல்ல சேலையோடும் மஞ்சப்பையோடும் அக்காவும் வந்தாள். டாக்டர் வயிற்றை நாலு இடத்தில் அமுக்கிப் பார்த்துவிட்டு, வீட்டு ஞாபகமா என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் அக்காவைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். கீழே போகிற பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் அவள் ஊர்க்காரப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அக்கா எம்பி நின்று பையை உள்ளே கொடுத்தாள்.

“ஏனுங்க, இதைப் புள்ளை கையில குடுத்துருங்க. கேட்டை விட்டு வெளிய வந்து நிக்கும். அம்மாளுக்கு வேலையாப் போச்சுன்னு சொல்லுங்க.”

அந்த நேரம் முழுக்க அவளுடைய இன்னொரு கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பஸ் கிளம்பி வளைவில் மறைந்தது. அவள் அங்கேயே பார்த்தபடி நின்றாள். நான் அந்தக் கையை இழுத்து, போகலாங்க்கா என்றேன். ஏதோ ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்ததுபோல் எனக்கு இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியத்துக்கு மேல் அந்த ஊர்க்காரப் பெண்ணோடு மகளே வந்துவிட்டாள். அம்மா வராவிட்டால் என்ன, நான் போகிறேன் என்று வார்டனிடம் கேட்டுக் கிளம்பிவிட்டாளாம். நாலு மணி பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும். கொண்டுவந்து விட்ட பெண் செம்மேட்டில் வேலை இருக்கிறதென்று போய்விட்டாள்.

அப்போது எங்களுக்கு எண்ணெய் வைக்கும் நேரம். பதினேழு பேரும் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா மகளைப் பார்த்து, “வந்துட்டியா சாமி, உக்காரு, அம்மா முடிச்சுட்டு வந்துர்றேன்” என்றாள். அவள் சமையலறைப் படியில் போய் உட்கார்ந்தாள். ஒல்லியான பெண். காய்ந்த தலையில் அந்தச் சிவப்பு ரிப்பனைக் கட்டியிருந்தாள். தன் அம்மா ஒவ்வொரு தலையாக எடுத்துச் சீவுவதைக் கன்னத்தில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் முறை வந்தபோது சிக்கு இருக்கிறது, வகிடு கோணுகிறது என்று சொல்லி இரண்டு தடவை பிரித்துப் பின்ன வைத்தேன்.

முடித்துவிட்டுப் படியைத் தாண்டும்போது அவள் எழுந்து நின்றாள்.

“உங்களுக்குத்தானுங்களா வயித்து வலி?”

பஸ்ஸில் போன ஊர்க்காரப் பெண் சொல்லியிருப்பாள். என் வயதுப் பெண் என்னை நீங்க என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆமாம் என்றேன்.

“இப்பத் தேவலீங்களா? எங்கம்மா சுக்குத் தண்ணி வெச்சுக் குடுத்துச்சா? அது குடிச்சா எனக்கு ஒடனே நின்னுரும்.”

நான் உள்ளே போனேன். சுக்குத் தண்ணீர் எனக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்றுதான் அதுவரைக்கும் எண்ணியிருந்தேன். தொப்புளுக்குக் கீழே ஏதோ முறுக்கிப் பிழிவதுபோல் வந்தது. முதலில் நானே நம்பவில்லை. கட்டிலில் உட்கார்ந்தேன். வலி போகவில்லை. ஏழாவது வலி நிஜமாகவே வந்துவிட்டிருந்தது.

வெளியே வந்தபோது மணி மூன்றரை இருக்கும். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு மகளோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். பஸ் நிற்கிற இடத்துக்கு ஒரு மைல் நடக்க வேண்டும். நான் போய் எதிரில் நின்று வயிறு வலிக்கிறது என்றேன்.

அக்கா குனிந்து வழக்கம்போல் வயிற்றில் கையை வைத்தாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மகள் பக்கத்திலிருந்து, “நீ இரும்மா, நானே போயிக்கறேன்” என்றாள். அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் கன்னத்தைத் தொட்டாள்.

“முக்கா மணி நேரம் பொறுத்துக்க கண்ணு. பஸ் ஏத்தி உட்டுட்டு ஓடியாந்துர்றேன்.”

சமையலறைப் பக்கம் திரும்பி, பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குரல் கொடுத்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மரவள்ளிக் காட்டை ஒட்டிப் போகிற பாதையில் அவர்கள் போவதைப் பார்த்தேன். போகிற போக்கிலேயே அவள் மகளின் ரிப்பனை அவிழ்த்து, விரலாலேயே முடியைக் கோதி, மறுபடியும் பின்னிக்கொண்டு போனாள். நின்று பின்ன நேரம் இல்லை போலிருக்கிறது. அந்தப் பெண் தலையை நிமிர்த்தி ஆடாமல் நடந்தாள்.

நான் நல அறைக்குப் போய்த் தனியாகப் படுத்தேன். சமையலறையில் சாயங்காலப் பலகாரத்துக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்கள். யாரும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே மஞ்சு இறங்கி, முதலில் மிளகுக்கொடி மறைந்தது, பிறகு மரம் மறைந்தது. பிள்ளைகள் பந்தாடும் சத்தம் மட்டும் எங்கேயோ கேட்டது. அந்தச் சத்தத்தில் யாரும் என் பெயரைச் சொல்கிறார்களா என்று கவனித்துக் கேட்டேன். இல்லை. கொஞ்ச நேரத்தில் கட்டிலோரம் வாந்தி எடுத்தேன்.

தற்செயலாக எட்டிப் பார்த்த மிஸ்தான் என்னைத் தூக்கி முகம் கழுவிவிட்டார். பஸ் தாமதமாம். அக்கா திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நிஜமாகவே ஓடித்தான் வந்திருந்தாள். மூச்சு வாங்கக் கதவருகில் நின்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாசனையிலிருந்து அவள் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொண்டுவந்திருப்பது தெரிந்தது. வேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுப்பார்கள். இந்த வாரம் சந்தோஷமாக இருந்தாயா, யாராவது உன் மனதை நோகடித்தார்களா என்றெல்லாம் கேட்டிருக்கும். சிரிக்கும் முகத்திலோ அழும் முகத்திலோ டிக் அடித்துப் பெட்டியில் போட வேண்டும். மற்ற வாரங்களில் எல்லாவற்றுக்கும் சிரிக்கும் முகத்தில் அடித்துவிடுவேன். பதினேழு பேரும் அப்படித்தான். அன்று கடைசிக் கேள்வி வரைக்கும் படித்தேன். உடம்பு சரியில்லாதபோது உன்னை உடனே கவனித்தார்களா? கீழே இரண்டு கோடு இடம் விட்டிருந்தது.

‘இல்லை. எனக்கு வயிறு வலித்தபோது அக்கா என்னை விட்டுவிட்டுத் தன் மகளோடு போய்விட்டார். நான் வாந்தி எடுத்தேன்.’

ஒரு எழுத்துப் பிழை இல்லை. அதில் பொய்யும் இல்லை. மற்ற ஆறு தடவையைப் பற்றித் தாளில் கேள்வி எதுவும் இல்லை.

அந்த வாரம் போனில் பேசும்போது அப்பா எல்லாம் தெரிந்து வைத்திருந்தார். மனதில் பட்டதைத் தைரியமாக எழுதியிருக்கிறாய், இதற்குத்தான் உன்னை மலைக்கு அனுப்பினேன் என்றார். காலைக் கூட்டத்தில் மிஸ் என் பெயரைச் சொல்லாமல், தங்களுக்கு ஒரு குறை இருந்தால் வாய்விட்டுச் சொல்லும் பிள்ளைகளைப் பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

புதன்கிழமை அடிவாரத்திலிருந்து நல அறைக்கு ஒரு நர்ஸ் வந்தார். சின்ன வயது, அன்பானவர். வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். பிள்ளைகளைத் தொடுவதற்கு முன்னால் கையில் உறை மாட்டிக்கொள்வார். வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை என்று கேட்பார். அதன் பிறகு எனக்கு வயிற்று வலி வரவில்லை.

அக்கா சமையலறையில் இருந்தாள். பெரிய அண்டாவுக்குப் பின்னால் நின்று வரிசையில் வருகிறவர்களுக்குச் சோறு போட்டாள். இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்காமலே தட்டை நீட்டினேன். மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை. வரிசையில் கடைசி ஆளாக நின்று, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். அவளுக்கு என்மேல் கோபம் இருக்குமோ என்று எனக்குப் பயம் இல்லை. எதற்குக் கோபம் வர வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது. என் மனதில் இருந்தது வேறு. நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வேறொன்றைக் கேட்டேன்.

“ஏனுங்க்கா, நீங்க ஏன் அந்த ரூமுக்கு வர்றதே இல்ல?”

அக்கா கரண்டியை அண்டாவில் விட்டுவிட்டு, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

“அங்க ஒரே குளுரு சாமி. இங்க அடுப்போரமாக் கதகதன்னு இருக்குது.”

அது சரிதான் என்று எனக்குப் பட்டது. இவ்வளவு கதகதப்பான இடம் அவளுக்குக் கிடைத்திருக்கிறதே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன்.